இரண்டாவது ஸ்பீக்கர்: மலிவுப் பெட்டியை எதற்கு நம்பலாம்

வீட்டில் மிக்ஸிங் பழகுகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. நல்ல மானிட்டர் ஜோடி இருந்தாலும் பக்கத்தில் ஒரு மலிவான ஸ்பீக்கரை வைத்துக்கொள்ளுங்கள், பாட்டை அதிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள் என்பார்கள். ஏன் என்று கேட்டால், "ஜனங்க அதுலதானே கேக்குறாங்க" என்று பதில் வரும். யோசனை சரிதான். காரணம்தான் சரியில்லை. ஜனங்கள் கைப்பேசியில் கேட்கிறார்கள், டிவியில் கேட்கிறார்கள், காரில், டவுன் பஸ்ஸில், காதில் செருகிய இயர்ஃபோனில் கேட்கிறார்கள். இவற்றில் ஒன்று ஒலிப்பதுபோல இன்னொன்று ஒலிக்காது. ஒரே கம்பெனியின் இரண்டு கைப்பேசி மாடல்கள்கூட ஒன்றுபோல ஒலிப்பதில்லை. நீங்கள் வாங்கி வைத்த மலிவுப் பெட்டி இத்தனைக்கும் பிரதிநிதியாக இருக்க முடியாது. அதில் நன்றாக ஒலிக்கும்வரை மிக்ஸைத் திருத்திக்கொண்டே போனால், கடைசியில் அந்தப் பெட்டிக்கு மட்டும் பொருந்துகிற பாட்டுதான் கையில் இருக்கும். தப்பான காரணத்தை வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர் தப்பான பெட்டியை வாங்குவார், அதைத் தப்பாகவும் பயன்படுத்துவார். அதனால்தான் இந்த அத்தியாயத்தில் காரணத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

சின்ன ஸ்பீக்கரின் உண்மையான பயன், அது எதை எடுத்துவிடுகிறது என்பதில் இருக்கிறது. ஆழமான பேஸை எடுத்துவிடும், உச்சியில் உள்ள மினுமினுப்பை எடுத்துவிடும். ஒற்றையாக வைத்தால் ஸ்டீரியோ அகலமும் போய்விடும். மிஞ்சுவது நடுப்பகுதி, ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸிலிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரை. பாடகரின் சொல் புரிவதும், ராகம் எந்தக் கருவியில் நகர்கிறது என்பது தெரிவதும், தாளத்தின் அடி காதில் படுவதும் அந்தப் பகுதியில்தான். பெரிய மானிட்டரில் பேஸும் அகலமும் சேர்ந்து தரும் சுகத்தில் இந்தப் பகுதியின் குளறுபடிகள் மறைந்துவிடும். அந்தச் சுகம் இல்லாத இடத்தில் குளறுபடி வெளியே தெரியும். ஆக, நமக்கு வேண்டியது குறுகிய அளவில் ஒலிக்கும் பெட்டி. கெட்டுப்போய் ஒலிக்கும் பெட்டி இல்லை. கடையில் இரண்டும் ஒரே விலைக்குக் கிடைப்பதால் குழப்பம் வருகிறது.

ஸ்டூடியோ வரலாற்றில் இதற்கு இரண்டு சான்றுகள் உண்டு. முதலாவது ஆரடோன் 5சி. ஒரு சாண்கூட இல்லாத கனசதுரப் பெட்டி, உள்ளே ஒரே ஒரு கோன். ட்வீட்டர் இல்லை, அதனால் ஒலியை இரண்டாகப் பிரிக்கும் க்ராஸ்ஓவரும் இல்லை. காற்றுத் துளையும் இல்லாத, முழுக்க மூடிய பெட்டி. 1970-களிலும் 80-களிலும் அமெரிக்க ஸ்டூடியோக்களில் பெரிய கன்சோலின் மேல் இது உட்கார்ந்திருக்கும். 'ஹாரர்டோன்' என்று கேலி செய்துகொண்டே எல்லோரும் அதைப் பயன்படுத்தினார்கள். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' (1982) ஆல்பத்தின் ஒலிப்பொறியாளர் ப்ரூஸ் ஸ்வீடியன் ஆரடோனை நம்பி வேலை செய்தவர்களில் ஒருவர். பெரிய மானிட்டர் வாங்க வசதியில்லாமல் அவர் அதை வைத்திருக்கவில்லை. விலை உயர்ந்த மானிட்டரில் கிடைக்காத ஏதோ ஒரு தகவல் அதில் கிடைத்தது. இரண்டாவது, யமஹா என்எஸ்-10. 1978-இல் வீட்டுக்கான ஹைஃபை ஸ்பீக்கராக வந்து, அங்கே எடுபடாமல், ஸ்டூடியோக்களில் போய்க் குடியேறியது. வெள்ளைக் கோன் தெரியும் அதன் படத்தை ஒலிப்பதிவுக் கூடப் புகைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். ட்வீட்டர் காதைக் குத்துகிறது என்று அதன்மேல் டிஷ்யூ பேப்பர் ஒட்டி வேலை பார்த்தவர்கள் உண்டு. "இதிலேயே நன்றாக ஒலித்தால் எதிலும் நன்றாக ஒலிக்கும்" என்ற வாக்கியமும் அதோடு சேர்ந்து பரவியது. மோசமான ஸ்பீக்கர், ஆகவே நல்ல ரெஃபரன்ஸ் என்ற நம்பிக்கை அங்கிருந்து வந்ததுதான்.

அளந்து பார்த்தபோது கதை வேறாக இருந்தது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் கீத் ஹாலண்ட், ஃபிலிப் நியூவெல் முதலானோர் என்எஸ்-10-ஐ வேறு பல மானிட்டர்களோடு ஒப்பிட்டுச் சோதித்து 2001-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பேஸ் குறைவு, நடுப்பகுதி தூக்கல் என்பதெல்லாம் எதிர்பார்த்தபடியே இருந்தன. ஆனால் சிக்னல் நின்றவுடன் அதன் தாழ்ந்த ஒலி மற்ற பல பெட்டிகளைவிடச் சீக்கிரம் அடங்கியது. ஒலிச் சிதைவும் குறைவாகவே இருந்தது. மூடிய பெட்டி என்பது இதற்கு முக்கியக் காரணம். துளை வைத்த பெட்டியில் துளையின் காற்று தானே அதிர்ந்து பேஸைக் கூட்டித் தரும். சிக்னல் நின்ற பிறகும் அந்த அதிர்வு கொஞ்ச நேரம் நீடிக்கும். கிக் டிரம் முடிந்ததா, பேஸ் கிடார் தொடர்கிறதா என்ற எல்லைக்கோடு அங்கே கலங்கிப்போகும். என்எஸ்-10 குறைவாகச் சொன்னது, ஆனால் சொன்னதைச் சரியான நேரத்தில் சொன்னது. கோனுக்கு வேண்டிய காகிதக்கூழ் கிடைக்காமல் யமஹா அதன் தயாரிப்பை நிறுத்தியதும் 2001-இல்தான். ஆக, இந்த இரண்டு பெட்டிகளின் புகழை ஆதாரமாகக் காட்டி எந்த மட்டமான ஸ்பீக்கரையும் நியாயப்படுத்த முடியாது. அவற்றின் குறை வரம்புக்குட்பட்டது, நிலையானது, எளிதில் பழகிக்கொள்ளக் கூடியது.

பெரிய ஸ்டூடியோவைவிட வீட்டில்தான் சின்னப் பெட்டியின் தேவை அதிகம் என்பேன். காரணம் அறை. நம்மில் பெரும்பாலோர் மிக்ஸிங் செய்வது பத்துக்குப் பத்து அறையில். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 3.05 மீட்டர் இருந்தால், 56 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அறையே ஒத்ததிரத் தொடங்கும். நீளமும் அகலமும் சமமாக இருப்பதால் இரண்டு திசையிலும் அதே 56 ஹெர்ட்ஸ்தான் மாட்டிக்கொள்ளும். கூரையும் பத்தடி உயரமென்றால் மூன்றாவது திசையும் சேர்ந்துகொள்ளும். இந்த அதிர்வு சுவரோரத்தில் பூதாகாரமாகவும், அறையின் நட்டநடுவில் கிட்டத்தட்ட இல்லாமலும் கேட்கும். நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு மானிட்டர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் 56 ஹெர்ட்ஸ் சரியாகக் கேட்காது. பேஸ் போதவில்லை என்று ஏற்றுவார். பாட்டைக் காரில் போட்டால் கதவு அதிரும். சின்ன ஸ்பீக்கர் அந்த அலைவரிசையை வெளியிடவே போவதில்லை, அதனால் அறையின் அந்தப் பொய் அதில் தலைகாட்டாது. கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக் கேட்டால் மற்றச் சுவர் எதிரொலிகளும் அடங்கிவிடும். சரிப்படுத்தாத ஓர் அறையில் நடுப்பகுதியின் சமநிலையைத் தீர்மானிக்க, நல்ல மானிட்டரைவிட ஒரு சின்னப் பெட்டி நம்பகமாக இருக்க முடியும் என்பது கேட்க விசித்திரமாக இருக்கலாம். ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

பேஸே இல்லாத பெட்டியில் பேஸைப் பற்றி எதுவும் தெரியாது என்று நினைப்பதும் முழுக்கச் சரியில்லை. பேஸ் கிடாரின் தடித்த கம்பியைத் திறந்து மீட்டினால் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ். அதன் மேலே 82, 124, 165, 206 என்று மேற்சுரங்கள் அடுக்காக எழும்பும். சின்னப் பெட்டி 41-ஐயும் 82-ஐயும் தராது. ஆனாலும் மேற்சுரங்களுக்கு இடையே உள்ள 41 ஹெர்ட்ஸ் இடைவெளியைக் கொண்டு நம் மூளை அந்தக் கீழ்ச்சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். ஆகவே மலிவுப் பெட்டியில் பேஸ் வரிசை அடியோடு காணாமல் போகிறதென்றால், ட்ராக்கில் மேற்சுரங்கள் போதவில்லை, அல்லது கிடாரோ கீபோர்டோ அவற்றை மூடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். 60 ஹெர்ட்ஸை ஏற்றுவதால் ஒரு பயனும் இல்லை. கொஞ்சம் சாச்சுரேஷன் சேர்த்தோ, மூடுகிற கருவியை 200-லிருந்து 800 ஹெர்ட்ஸுக்குள் சற்று ஒதுக்கியோ வழிவிட வேண்டும். 808 வகை கிக் சத்தம் ஏறத்தாழச் சுத்தமான சைன் அலை என்பதால் மேற்சுரம் மிகக் குறைவு. அது கைப்பேசியில் காணாமல் போவது இதனால்தான்.

மிருதங்கம் இதற்கு நல்ல பாடம். தோல்வாத்தியங்களில் பெரும்பாலானவற்றின் மேற்சுரங்கள் ஒழுங்கான விகிதத்தில் அமைவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே உள்ள கறுப்புப் பூச்சு அவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்பதை சி.வி. ராமன் 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதிய குறிப்பில் விளக்கினார். மேற்சுரங்கள் ஒழுங்காக இருப்பதால் அடிச்சுரம் மங்கினாலும் சுருதி காதில் நிற்கும். மலிவுப் பெட்டியிலும் வலந்தலை சுருதியோடு ஒலிக்க வேண்டும். ஒலிக்கவில்லையென்றால் ஈக்யூவில் ஏதோ அளவுக்கு மீறி வெட்டியிருக்கிறீர்கள். ரவை ஒட்டிய தொப்பிப் பக்கம் வேறு கதை. கும்கியின் ஆழம் சின்னப் பெட்டியில் வராது. கை பட்டு நகரும் ஓசை மட்டும் மிஞ்சும். அதைப் பார்த்துப் பதறித் தொப்பியை ஏற்றினால் நல்ல ஸ்பீக்கரில் கச்சேரியே தொப்பிக்குள் போய்விடும். எது வர வேண்டும், எது வராமல் போனால் பரவாயில்லை என்பது தெரிந்த பிறகுதான் இந்தப் பெட்டியின் பேச்சைக் கேட்க வேண்டும்.

அடுத்தது மோனோ. மானிட்டரிலேயே மோனோ பட்டனை அழுத்தலாமே, தனிப் பெட்டி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டு ஸ்பீக்கர்களில் ஒரே ஒலி வந்தால் அது நடுவில் இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் நடுவில் எதுவும் இல்லை. ஒவ்வொரு காதுக்கும் பக்கத்து ஸ்பீக்கரின் ஒலி முதலிலும், எதிர்ப்பக்க ஸ்பீக்கரின் ஒலி ஏறத்தாழ கால் மில்லிநொடி தாமதமாகவும் வந்து சேர்கிறது. அந்தத் தாமதம் 2,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளத்தை உண்டாக்கும். குரலின் தெளிவு பெரிதும் அங்கேதான் இருக்கிறது. ஒற்றை ஸ்பீக்கரில் இந்தப் பள்ளம் கிடையாது. குரலின் உரத்தை முடிவு செய்ய ஒரே ஒரு பெட்டி போதும், ஒன்றே நல்லது. மோனோவில் சில ஒலிகள் தேய்ந்து போவதையும் அது காட்டிக்கொடுக்கும். கிடாரை அகலமாக்க ஒரு பக்கத்தை 10 மில்லிநொடி தள்ளி வைப்பது வழக்கமான தந்திரம். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் 50, 150, 250 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக ஓட்டை விழுந்து, தகர டப்பாவுக்குள் வாசித்ததுபோல ஆகும். ஓரங்களில் வைத்த கருவிகள் மோனோவில் கொஞ்சம் பின்வாங்குவது இயல்பு, அதைத் திருத்தப் போக வேண்டாம். ஒரு கருவி ஆளே மாறி ஒலித்தால் திருத்துங்கள்.

இனி எதை வாங்குவது. இங்கேதான் இன்றைய கடைக்கும் ஆரடோன் காலத்துக்கும் பெரிய வித்தியாசம். இன்று மலிவு விலையில் அதிகம் விற்கும் ப்ளூடூத் ஸ்பீக்கர்களில் பலவற்றுக்குள் டிஎஸ்பி சிப் உட்கார்ந்திருக்கிறது. குறைந்த வால்யூமில் பேஸைத் தூக்கும், வால்யூம் ஏறினால் கோன் கிழியாமலிருக்கப் பேஸை அமுக்கும், நடுவில் லிமிட்டரும் போடும். எடைக்கல் குறைவு என்று தெரிந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளலாம், சரக்குக்குத் தகுந்தபடி தானே மாறுகிற தராசை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சோதிக்க வழி எளிது. நீண்டு ஒலிக்கும் ஒரு சுரத்தையும் பலமான கிக்கையும் சேர்த்துப் போடுங்கள். ஒவ்வொரு கிக்குக்கும் சுரம் பதுங்கி எழுந்தால் உள்ளே லிமிட்டர் வேலை செய்கிறது. அந்தப் பெட்டி வேண்டாம். கைப்பேசி ஸ்பீக்கருக்கும் இதே ஆட்சேபம் பொருந்தும். வேலை முடிந்தபின் அதில் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம், ஃபேடர் நகர்த்த அதை நம்ப முடியாது. சப்வூஃபரோடு வரும் 2.1 செட்டும் உதவாது. சாட்டிலைட்டுக்கும் சப்வூஃபருக்கும் நடுவே, அதுவும் நமக்கு முக்கியமான இடத்தில், பெரும்பாலும் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். கம்பியில் இணைக்கும், ஒரே கோன் உள்ள, துளையில்லாத சாதாரணக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் போதும். ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். பின்னால் துளை இருந்தால் ஸ்பாஞ்ச் துண்டை அடைத்துக் கேட்டுப் பாருங்கள். பேஸ் இன்னும் குறையும், அடி தெளியும். பழைய டிரான்சிஸ்டரின் ஸ்பீக்கரோ பாட்டியின் டேப்ரெக்கார்டரோ ஆக்ஸ் இணைப்போடு இருந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், கோன் கிழியாமல் இருந்தால் சரி.

இணைக்கும்போது ஒரு எச்சரிக்கை. இடது வலது இரண்டு அவுட்புட்டையும் ஒய் கேபிளால் முடிச்சுப் போட்டு மோனோ ஆக்காதீர்கள். இரண்டு அவுட்புட்டும் ஒன்றையொன்று எதிர்த்து ஓட்டும். மென்பொருளில் மோனோ ஆக்கி, ஒரு பக்கத்தை மட்டும் பெட்டிக்குக் கொடுங்கள். இன்டர்ஃபேஸில் 3, 4 அவுட்புட் இருந்தால் அதில், இல்லையென்றால் ஹெட்ஃபோன் துளையிலிருந்து எடுக்கலாம். மோனோ ப்ளக்-இன் மாஸ்டரில் இருந்தால் எக்ஸ்போர்ட் செய்யும்முன் அணைக்க வேண்டும் என்பதை எங்காவது எழுதி ஒட்டிவிடுங்கள். பெட்டியைச் சுவர் மூலையில் வைக்க வேண்டாம். பெட்டியில் இல்லாத பேஸை மூலை கொண்டுவந்து சேர்க்கும். முகத்துக்கு நேரே, காது உயரத்தில், இரண்டு மூன்று அடித் தூரம். உரத்தைச் சமன்செய்யக் கருவி எதுவும் தேவையில்லை. குரல் மட்டும் ஒலிக்கும் இடத்தைப் பெரிய மானிட்டரிலும் சின்னப் பெட்டியிலும் மாற்றி மாற்றிப் போட்டு, இரண்டிலும் குரல் ஒரே அளவாகக் கேட்கும்படி வைத்து, குமிழில் டேப் ஒட்டிவிடுங்கள். உரம் கூடினால் எந்த ஸ்பீக்கரும் நன்றாக ஒலிப்பதுபோலத் தோன்றும். உரம் குறைந்தால் நம் காது பேஸை அதிகமாக இழக்கும் என்பதை ஃப்ளெட்சரும் மன்ஸனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள். உரம் நிலையாக இல்லாமல் செய்யும் ஒப்பீடு எதற்கும் உதவாது.

வேலை செய்யும் முறை சுருக்கமானது. மிக்ஸின் பெரும்பகுதியை மானிட்டரில் செய்யுங்கள். பிறகு சின்னப் பெட்டிக்கு மாறி, பல்லவியிலிருந்து சரணம் வரை ஓடவிட்டு, சொல் ஒவ்வொன்றும் புரிகிறதா, தாளத்தின் அடி தெரிகிறதா, பேஸ் வரிசையைப் பின்தொடர முடிகிறதா, எந்தக் கருவியாவது தேவையில்லாமல் முன்னால் வந்து நிற்கிறதா என்று பார்த்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஃபேடரை வேண்டுமானால் அங்கேயே அரை டெசிபல், ஒரு டெசிபல் நகர்த்தலாம். ஈக்யூவைத் தொடாதீர்கள். சின்னப் பெட்டியைக் கேட்டு ஈக்யூ திருகினால் மிக்ஸ் காதைக் கிழிக்கும் என்று சொல்பவர்களின் ஆட்சேபம் இந்த இடத்தில் முழுக்க உண்மை. பெட்டியின் குறையைத் திருத்தும் ஈக்யூ அது, பாட்டின் குறையைத் திருத்துவதில்லை. ஒரே மூச்சில் அதிலேயே கேட்டுக்கொண்டும் இருக்க வேண்டாம். சில நிமிடங்களில் காது எந்த ஸ்பீக்கருக்கும் பழகி, இதுதான் சரியான ஒலி என்று ஏற்றுக்கொண்டுவிடும். பாட்டு ஒருமுறை ஓடட்டும், குறிப்போடு மானிட்டருக்குத் திரும்பிவிடுங்கள்.

கைப்பேசி, கார், டிவி என்று எல்லாவற்றின் ஒலியையும் ஹெட்ஃபோனில் போலச் செய்து காட்டும் ப்ளக்-இன்கள் இருக்கும்போது பெட்டி எதற்கு என்பது இன்னொரு ஆட்சேபம். அவை அலைவரிசையின் வடிவத்தை ஓரளவு கொண்டுவரும். ஆனால் ஹெட்ஃபோனில் இடது காதுக்கு இடது, வலது காதுக்கு வலது என்று ஒலி தனித்தனியாகப் போகிறது; எதிரே காற்றில் நிற்கும் ஒற்றைப் பெட்டியை, மேசையில் பட்டுத் திரும்பும் ஒலியை, தலையைத் திருப்பினால் மாறும் உரத்தை அது தராது. அறையின் மறுகோடியிலிருந்து, அடுப்படியிலிருந்து, காதை அரைகுறையாகக் கொடுத்துக் கேட்கவும் முடியாது. ஹெட்ஃபோனுக்கு வேறு முக்கியமான வேலை இருக்கிறது. அறை கெடுக்கும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பகுதியைத் தீர்மானிக்க வீட்டில் அதுதான் கதி. சின்னப் பெட்டியிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது.

மானிட்டர் ஒன்று சொல்லி, பெட்டி வேறொன்று சொன்னால் யாரை நம்புவது என்பது நடைமுறையில் அடிக்கடி வரும். குரல், சொல், கருவிகளுக்கு இடையிலான உரம் ஆகியவற்றில் பெட்டி சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலியின் நிறம், எதிரொலியின் ஆழம், அகலம் ஆகியவற்றில் மானிட்டரை. இரண்டிலும் தீராதபோது, உங்களுக்கு நன்கு பழக்கமான, வெளியான இரண்டு மூன்று பாட்டுகளை உரம் சமன்செய்து அதே பெட்டியில் போட்டுப் பாருங்கள். மாஸ்டரிங் முடிந்த பாட்டு உரமாகவே இருக்கும், ஆகவே அதை இறக்கித்தான் ஒப்பிட வேண்டும். அவற்றிலும் குரல் அதே அளவு பின்னால் இருந்தால் உங்கள் மிக்ஸில் தவறில்லை, பெட்டியின் சுபாவம் அது. முதல் மாதம் இந்தப் பாட்டுகளை மட்டும் அதில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாலும் நஷ்டமில்லை. சொந்த மிக்ஸை அதன் பிறகு போடலாம்.